54வது மாசசூசெட்ஸ் ரெஜிமெண்ட்: வாக்னர் கோட்டைக்கு அப்புறம் இரண்டு வருடம் என்ன செய்தார்கள்?

கயல்விழி:

அக்கா வீட்டுக்கு பாஸ்டன் வந்திருக்கிறேன். இங்கே மாநில அரசு மாளிகைக்கு எதிரே அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் செய்த பெரிய வெண்கலச் சிற்பம் இருக்கிறது. குதிரை மேல் 54வது மாசசூசெட்ஸ் ரெஜிமெண்டின் வெள்ளைத் தளபதி கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா, அவரோடு துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நடக்கும் கறுப்பினச் சிப்பாய்கள். ஒவ்வொரு முகமும் வேறு வேறு. தாடி வைத்த பெரியவர் ஒருவர், மீசை அரும்பாத பையன் ஒருவன். ரொம்ப நேரம் நின்று பார்த்தோம்.

அக்கா மகன் எட்டாம் வகுப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு காலாட்படை ரெஜிமெண்டின் பணி வரலாற்றை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அவன் இந்த 54வது மாசசூசெட்ஸைத்தான் எடுத்திருக்கிறான். சிக்கல் என்னவென்றால், எங்கே படித்தாலும் 1863 ஜூலை 18 அன்று இரவு, சார்ல்ஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் தென்தரப்பு (அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்கள்) வைத்திருந்த வாக்னர் கோட்டை மேல் பாய்ந்தார்கள், ஷா இறந்தார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது 1865 ஆகஸ்டில். நடுவில் இரண்டு வருடம் இருக்கிறதே, அந்த மனிதர்கள் என்ன செய்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேது:

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பையனுக்கு ஒரு சட்டகம் கிடைக்கும்.

1863 பிப்ரவரியில் பாஸ்டனுக்குப் பக்கத்தில் ரீட்வில் முகாமில் ஆள்சேர்ப்பு. மே 28 பாஸ்டனில் அணிவகுத்துக் கப்பல் ஏறினார்கள். ஜூன் 11 ஜார்ஜியாவில் டேரியன் என்ற ஊர் எரிக்கப்பட்டது. ஜூலை 16 ஜேம்ஸ் தீவில் முதல் சண்டை. ஜூலை 18 வாக்னர் கோட்டை. பிறகு செப்டம்பர் வரை அதே கோட்டையைச் சுற்றி முற்றுகை. 1864 பிப்ரவரி 20 புளோரிடாவில் ஒலஸ்டி. நவம்பர் 30 தென் கரோலினாவில் ஹனி ஹில். 1865 ஏப்ரல் 18 பாய்கின்ஸ் மில். ஆகஸ்ட் 20 பணியிலிருந்து விடுவிப்பு, செப்டம்பர் 2 பாஸ்டனில் கடைசி அணிவகுப்பு.

டேரியனை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். எதிர்ப்பே இல்லாத ஊர். எரிக்கச் சொன்னது வேறொரு ரெஜிமெண்டின் கர்னல் மாண்ட்கமரி. ஷாவுக்கு அது கடைசி வரை உறுத்தியது. ஆனாலும் 54வதின் ஆட்களும் அங்கே இருந்தார்கள்.

பழைய கணக்கர்:

சேது தம்பி கொடுத்த சட்டகம் சரி. ஆனால் அந்த வரிசையில் இல்லாத ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு 54வதின் வரலாற்றை எழுதினால் பாதிதான் எழுதியதாகும் என்பது என் அபிப்பிராயம்.

நான் ராணுவச் சம்பளக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மஸ்டர் ரோலும் (படையின் ஆள் பட்டியல்) பிடித்தமும் நிலுவையும்தான் என் வாழ்க்கை. அதனால் ஒரு ரெஜிமெண்டைப் பற்றிப் படிக்கும்போது எங்கே சண்டை போட்டார்கள் என்பதற்கு முன்னால் என்ன சம்பளம் வாங்கினார்கள் என்றுதான் தேடுவேன். 54வதில் அந்தத் தேடல் என்னை உலுக்கிவிட்டது. ஒன்றரை வருடம் போல அவர்கள் ஒரு சென்ட் கூட வாங்கவில்லை. வந்த சம்பளத்தை அவர்களாகவே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

நடந்தது இது. மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் ஆண்ட்ரூ ஆள் சேர்த்தபோது, வெள்ளைச் சிப்பாய்க்கு என்ன உண்டோ அதுவே உங்களுக்கும் என்றுதான் வாக்குக் கொடுத்தார். அப்போது சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடுப்புக்குத் தனியாக மூன்றரை டாலர். அந்த வாக்கை நம்பி பென்சில்வேனியா, ஒஹையோ, நியூயார்க் என்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள். அடிமை ஒழிப்புக்காகப் போராடிய கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் தன் மகன்கள் லூயிஸ், சார்ல்ஸ் இருவரையும் சேர்த்தார். ஆனால் ஆட்கள் களத்துக்குப் போன பிறகு வாஷிங்டன் வேறு கணக்குப் போட்டது. 1862 ஜூலையில் போட்ட ஒரு சட்டம் இருந்தது. அகழி வெட்டவும் முகாம் வேலை செய்யவும் கறுப்பினத்தவரைச் சேர்க்கலாம், மாதம் 10 டாலர், அதில் 3 டாலரை உடுப்பாகக் கொடுக்கலாம் என்றது அது. இவர்களையும் அந்தச் சட்டத்துக்குள் தள்ளினார்கள். ஆக, கைக்கு வருவது 7 டாலர்.

இதில் என் போன்றவர்கள் கண்ணில் முதலில் படுவது இன்னொன்று. வெள்ளை ரெஜிமெண்டில் பதவி ஏற ஏறச் சம்பளம் ஏறும். சார்ஜெண்டுக்கு 17, சார்ஜெண்ட் மேஜருக்கு 21. கறுப்பின ரெஜிமெண்டில் எல்லோருக்கும் அதே 10தான். லூயிஸ் டக்ளஸ் 54வதின் சார்ஜெண்ட் மேஜர். 21 டாலர் வாங்க வேண்டியவருக்கு 7 டாலர். கையில் மூன்று பட்டை ஏறினாலும் நேற்று வந்த சிப்பாயும் இவரும் கணக்குப் புத்தகத்தில் ஒன்றே. பதவி என்பதையே அந்தக் கணக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஷா இதைக் கேட்டதும், கொடுத்த வாக்கின்படி சம்பளம் கொடுங்கள், இல்லையென்றால் இந்த ரெஜிமெண்டையே கலைத்து அனுப்பிவிடுங்கள் என்ற பொருளில் கவர்னருக்கு எழுதினார். 1863 ஜூலை தொடக்கத்தில் எழுதிய கடிதம். இரண்டு வாரம் கழித்து அவர் உயிரோடு இல்லை. வயது 25.

அந்த ஜூலை 18 இரவில் சுமார் 600 பேர் கடற்கரை மணலில் ஓடிப் போய்க் கோட்டைச் சரிவில் ஏறினார்கள். இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் சேர்த்து 272. 54வதின் சார்ஜெண்ட் வில்லியம் கார்னி பல காயங்களோடு கொடியைத் தூக்கிக்கொண்டு திரும்பியதும், 1900ல்தான் அவருக்கு நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம் கொடுத்ததும் பையனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நான் சொல்ல வருவது, கோட்டை மேல் ஏறிய எவரும் அதுவரை மத்திய அரசிடமிருந்து ஒரு மாதச் சம்பளம் கூட வாங்கியிருக்கவில்லை.

அதற்கு அப்புறம் என்ன செய்தார்கள் என்று கேட்டீர்கள். மண் வெட்டினார்கள். மோரிஸ் தீவில் வாக்னர் கோட்டையை நோக்கி நெளிநெளியாக அகழி தோண்டிக்கொண்டே போனார்கள். ராத்திரி வேலை, தலைக்கு மேல் குண்டு, தோண்டும் இடத்தில் முன்னால் புதைத்தவர்களின் உடல். ஆகஸ்ட் மாத வெயில், கெட்ட தண்ணீர். செப்டம்பர் 6 இரவு தென்தரப்பார் கோட்டையை விட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு இரவில் கிடைக்காத கோட்டை ஏழு வாரம் மண் வெட்டியதில் கிடைத்தது. இந்த ஏழு வாரத்துக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

கோட்டை விழுந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஜேம்ஸ் ஹென்றி கூடிங் என்ற கார்ப்பரல், திமிங்கிலம் பிடிக்கும் கப்பல்களில் வேலை பார்த்தவர், நியூ பெட்ஃபோர்டிலிருந்து வந்தவர், செப்டம்பர் 28 அன்று அதே தீவிலிருந்து நேராக லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்பதுதான் அவர் கேட்டது. சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம், சிப்பாயின் சம்பளம் ஏன் இல்லை என்று மரியாதை குறையாமல், கெஞ்சாமல் கேட்டிருக்கிறார். என் வேலைக்காலத்தில் சம்பள மனுக்கள் எத்தனையோ படித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் படித்ததில்லை.

சம்பள அதிகாரி மறுபடி மறுபடி வந்தார். கம்பெனி கம்பெனியாக நிறுத்திக் கேட்டார்கள். ஆள் வரவில்லை, கையெழுத்து விழவில்லை, பணப்பெட்டி திரும்பிப் போனது. ஒரு விஷயம் கவனியுங்கள். சம்பளம் வேண்டாம் என்றவர்கள் வேலையை நிறுத்தவில்லை. காவலுக்குப் போனார்கள், மண் வெட்டினார்கள், சுடப்போனார்கள்.

1864 பிப்ரவரியில் ஒலஸ்டி. வடதரப்பு ஜெனரல் சீமோர் புளோரிடாவுக்குள் ஐயாயிரத்துச் சொச்சம் பேரோடு போய் மாட்டிக்கொண்டார். வடதரப்புக்கு 1,861 பேர் இழப்பு. படை சிதறி ஓடும்போது, பின்னால் நின்று தடுக்கச் சொல்லி 54வதையும் வட கரோலினாவிலிருந்து வந்த இன்னொரு கறுப்பின ரெஜிமெண்டையும் அனுப்பினார்கள். அவர்கள் காட்டுக்குள் ஓடும்போது எழுப்பிய முழக்கம்: “மாசசூசெட்ஸுக்கும் மாதம் ஏழு டாலருக்கும் மூன்று ஜே!” அந்த ஏழு டாலரை அதுவரை ஒருவரும் கையால் தொட்டதில்லை. அன்றைக்கு 54வதுக்கு 13 பேர் சாவு, 65 பேர் காயம், 8 பேர் காணவில்லை. கூடிங் காயத்தோடு பிடிபட்டார். தென்தரப்பின் ஆண்டர்சன்வில் கைதி முகாமில் ஜூலையில் இறந்தார். தான் கேட்ட சம்பளத்தை அவர் பார்க்கவில்லை.

பின்வாங்கும்போது காயம்பட்டவர்கள் ஏற்றிய ரயிலின் எஞ்சின் கெட்டுப்போய் நின்றுவிட்டது. எதிரி பின்னாலேயே வருகிறான். 54வது திரும்பிப் போய்ப் பெட்டிகளில் கயிறு கட்டி, ஃபினிகன் முகாம் வரை மைல் கணக்கில் ஆளாளாக இழுத்து வந்தது. நாள் கணக்கில் நடந்து, சண்டை போட்டு, தூங்காதவர்கள். பையன் ஒரு படம் வரைவதாக இருந்தால் இதை வரையச் சொல்லுங்கள்.

கயல்விழி:

ஐயா, இதையெல்லாம் நான் கேள்விப்பட்டதே இல்லை. அக்கா மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கேட்ட கேள்வி: மாசசூசெட்ஸ் மாநிலமே மீதிப் பணத்தைக் கொடுக்க முன்வந்தது என்று எங்கோ படித்தானாம். 7 டாலர் வாஷிங்டன், மீதி பாஸ்டன், மொத்தம் 13 வந்துவிடுமே. அப்புறம் ஏன் வாங்கவில்லை?

பழைய கணக்கர்:

நல்ல கேள்வி. பையனிடம் சொல்லுங்கள், கணக்கு எழுதத் தகுதி இருக்கிறது அவனுக்கு.

1863 நவம்பரில் கவர்னர் ஆண்ட்ரூ சட்டசபையைக் கூட்டி, குறையும் தொகையை மாநிலமே ஈடுகட்டும் என்று சட்டம் போட்டார். நல்ல மனதோடு செய்ததுதான். பணத்தோடு ஆட்களே மோரிஸ் தீவுக்கு வந்தார்கள். சிப்பாய்கள் நன்றி சொன்னார்கள், பணம் வேண்டாம் என்றார்கள்.

இதைச் சம்பள ஏட்டில் வைத்துப் பாருங்கள். மாநிலத்திடம் மீதியை வாங்கினால், அதற்கு முன்னால் மத்திய அரசின் ஏட்டில் 7 டாலருக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டுவிட்டால் “எனக்குச் சேர வேண்டியது இவ்வளவுதான்” என்று அவர்களே ஒத்துக்கொண்டதாக ஆகும். மீதி, தர்மம் ஆகிவிடும். கையில் வந்து சேரும் தொகை ஒன்றாக இருந்தாலும் எந்தத் தலைப்பில் வருகிறது என்பது வேறு. சம்பளம் என்பது வேலை கொடுத்தவன் உன்னை யாராக வைத்திருக்கிறான் என்று எழுதிக் கொடுக்கும் காகிதம். அவர்கள் திருத்தச் சொன்னது அந்தக் காகிதத்தை. பணம் அதற்குப் பின்னால் வந்தால் போதும் என்று இருந்தார்கள்.

அருள்மொழி:

மன்னிக்கவும், நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த மறுப்பைப் புகழ்ந்து பேசும்போது வீட்டில் இருந்த பெண்களை யாரும் பேசுவதில்லை. புருஷன் முகாமில் இருக்கிறான், அவனுக்கு அரைவயிறாவது ரேஷன் வரும். அவள் வடக்கே ஏதோ ஒரு ஊரில் வாடகை வீட்டில் பிள்ளைகளோடு இருக்கிறாள். ஒன்றரை வருடம் ஒரு காசு வரவில்லை. சில குடும்பங்கள் ஏழை விடுதிக்குப் போனதாகப் படித்திருக்கிறேன். ‘வேண்டாம்’ என்று சொன்னது ஆண்கள், அதற்கான விலையைக் கொடுத்தது பெண்கள். 7 டாலர் வாங்கிக்கொண்டே போராடியிருக்க முடியாதா? என் அம்மா தனியாக எங்களை வளர்த்தவர். எனக்கு இது முதலில் தெரியும் விஷயம்.

பழைய கணக்கர்:

அருள்மொழி அம்மா சொல்வதை நான் மறுக்க மாட்டேன். முகாமுக்கு வந்த கடிதங்களில் பசியும் வாடகை பாக்கியும்தான் நிறைந்திருந்தன. அதைப் படித்துவிட்டு அந்த ஆட்கள் எப்படித் தூங்கினார்கள் என்று எனக்குப் புரியவில்லை. 1864 வசந்த காலத்தில் ரெஜிமெண்டுக்குள் கொதிப்பு எல்லை மீறும் நிலைக்கு வந்ததற்கும் அந்தக் கடிதங்கள்தான் காரணம்.

ஆனால் வேறு வழிகளை எடுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். தென் கரோலினாவில், பெரும்பாலும் அடிமைத்தனத்திலிருந்து வந்தவர்களை வைத்துக் கட்டிய 3வது தென் கரோலினா ரெஜிமெண்டில் வில்லியம் வாக்கர் என்று ஒரு சார்ஜெண்ட். 1863 நவம்பரில் தன் கம்பெனியை அழைத்துக்கொண்டு போய், தளபதி லெப்டினன்ட் கர்னல் பென்னட்டின் கூடாரத்துக்கு முன்னால் துப்பாக்கிகளை அடுக்கி வைக்கச் சொன்னார். சொன்ன சம்பளம் இல்லையென்றால் வேலை இல்லை என்பது அவர் நிலை. அதைக் கலகம் என்றார்கள். 1864 பிப்ரவரி 29 அன்று ஜாக்சன்வில்லில் சுட்டுக் கொன்றார்கள். 54வது ஒலஸ்டியிலிருந்து ரயிலை இழுத்து வந்து சேர்ந்த அதே ஊர், ஒரு வாரம் கழித்து. இந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

துப்பாக்கியைக் கீழே வைத்தால் சாவு. 7 டாலரை வாங்கினால் விஷயம் அத்தோடு மூடிவிடும். நடுவில் மிச்சம் இருந்த ஒரே வழி, வேலையைச் செய்துகொண்டே சம்பளத்தை மறுப்பது. பெண்கள் கொடுத்த விலை அதில் சேர்த்திதான். அதையும் பையன் எழுத வேண்டும், நீங்கள் சொன்னது நல்லதாயிற்று.

முடிவு எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1864 ஜூன் 15 சட்டம், அந்த வருடம் ஜனவரி 1 முதல் எல்லாக் கறுப்பினச் சிப்பாய்க்கும் சம சம்பளம் கொடுத்தது. அதற்கு முந்தைய நிலுவை மட்டும், 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதனாக இருந்தவனுக்கே. அன்றைக்கு அடிமையாக இருந்தவனுக்கு இல்லை. ஒரே வரிசையில் நின்று ஒரே குண்டை வாங்கியவர்களை இந்த நிபந்தனை இரண்டாகப் பிரித்தது. ஷாவுக்குப் பிறகு வந்த கர்னல் எட்வர்ட் ஹாலோவெல் குவேக்கர் (அடிமைமுறையை எதிர்த்த ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்துக்காரர். அவர் ஒரு சத்தியப்பிரமாணம் எழுதினார். ‘1861 ஏப்ரல் 19க்கு முன்னால் கூலியில்லாத உழைப்பை நான் எவனுக்கும் கடன்பட்டிருக்கவில்லை’ என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தப்பி வந்த அடிமையும் கையைத் தூக்கி அதைச் சொல்லலாம், ஏனென்றால் எஜமானுக்கு அந்த உழைப்பின் மேல் உரிமையே இல்லை என்று அவன் மனதாரச் சொல்கிறான். பிரமாணம் எடுத்தார்கள், செப்டம்பர் கடைசியில் பணம் வந்தது. ரெஜிமெண்ட் முழுவதற்கும் 170,000 டாலர். கணிசமான பகுதி வீடுகளுக்குப் போனது. தென் கரோலினாவில் சேர்ந்தவர்களுக்கு இந்த நிலுவை கிடைக்க 1865 மார்ச்சில் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. வாக்கர் அப்போது இல்லை.

சேது:

கணக்கர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பணம் வந்து சேர்ந்த அந்த வாரங்களில் 54வது என்ன வேலையில் இருந்தது தெரியுமா? மோரிஸ் தீவில் தென்தரப்பு அதிகாரிகள் 600 பேரைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. சார்ல்ஸ்டனில் வடதரப்புக் கைதிகளைக் குண்டு விழும் இடத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்குப் பதிலடியாக, இவர்களையும் வாக்னர் கோட்டைக்குப் பக்கத்தில் குண்டு விழும் இடத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். கறுப்பினச் சிப்பாயை நடத்திச் செல்லும் வெள்ளை அதிகாரியைத் தூக்கில் போடலாம் என்று 1863ல் தீர்மானம் போட்ட தரப்பின் அதிகாரிகள், கறுப்பினச் சிப்பாயின் காவலில்.

வாக்கரின் ரெஜிமெண்ட் பற்றியும் ஒரு தகவல். அது பிறகு 21வது கறுப்பினத் துருப்பு என்று பெயர் மாறியது. 1865 பிப்ரவரி 18 அன்று சார்ல்ஸ்டன் நகரத்துக்குள் நுழைந்து சரணடைதலை வாங்கியது அந்த ரெஜிமெண்டும் அதே பென்னட்டும்தான். 54வது சில நாள் கழித்து உள்ளே போனது.

பாய்கின்ஸ் மில் சண்டை, தென்தரப்புத் தளபதி லீ சரணடைந்து ஒன்பது நாள் கழித்து நடந்தது. செய்தி அந்தக் காட்டுக்கு வந்து சேரவில்லை. அதில் இறந்த 54வதின் லெப்டினன்ட் ஸ்டீவன்ஸ்தான் போரில் சண்டையில் செத்த கடைசி வடதரப்பு அதிகாரி என்று சொல்கிறார்கள்.

கயல்விழி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பையன் இப்போது தலைப்பையே மாற்றிவிட்டான், ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே “சம்பளம்: இல்லை” என்று ஒரு பத்தி போடப்போகிறானாம். கடைசியாக ஒன்று: இந்த ரெஜிமெண்டில் கறுப்பினத்தவர் யாராவது அதிகாரி ஆனார்களா?

பழைய கணக்கர்:

ஆனார்கள், அதுவும் இழுத்தடித்துத்தான். ஸ்டீபன் ஸ்வெய்ல்ஸ் என்ற சார்ஜெண்ட் ஒலஸ்டியில் காயம்பட்டவர். அவர் காட்டிய துணிச்சலுக்காகக் கவர்னர் ஆண்ட்ரூ 1864 மார்ச்சிலேயே அவரை இரண்டாம் லெப்டினன்ட் ஆக்கி உத்தரவு போட்டார். வாஷிங்டன், கறுப்பின ரத்தம் உள்ளவர் என்று சொல்லி ஏற்றுக்கொள்ளவில்லை. லெப்டினன்ட் வேலையைச் செய்துகொண்டே ஏட்டில் சார்ஜெண்டாக இருந்தார். 1865 ஜனவரியில்தான் ஒத்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் தென் கரோலினாவிலேயே கிங்ஸ்ட்ரீ என்ற ஊரில் தங்கி வக்கீலானார். 1868 முதல் பத்து வருடம் மாநில செனட்டில் உட்கார்ந்தார். 1878ல் உயிருக்கு மிரட்டல் விட்டு ஊரை விட்டே துரத்தினார்கள்.

பையனின் பத்தியில் ஸ்வெய்ல்ஸுக்குத் தனியாக ஒரு வரி போடச் சொல்லுங்கள். அவருக்கு இரண்டு தலைப்பில் நிலுவை வரும்.